கத்தரிக்கத் தெரிந்த கை

கொழுகொம்பு இல்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரையே விட்டுவிட்டுப் போனான். இன்றும் அதைக் கொடை என்று கொண்டாடுகிறோம். எங்கள் வீட்டு ரங்கூன் மல்லிக்கு யாரும் அப்படி இரங்க வேண்டியதில்லை. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும். ஜன்னல் கம்பி, கேபிள் ஒயர், பக்கத்து வீட்டு முருங்கை என்று கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடும். வாடுகிற கொடிக்கு என்ன தருவது என்பது எளிய கேள்வி. திமிறி வளர்கிற கொடிக்கு என்ன தருவது?

உரத்தைக் கூட்டினால் பூ கூடாது. யூரியாவின் தழைச்சத்து பெரும்பாலும் இலைக்கும் தண்டுக்கும் போய்விடும். காகிதப்பூ இன்னும் கறார்; வேர் சற்றுக் காய்ந்தால்தான் நிறம் காட்டும். மல்லிகை விவசாயிகள் நவம்பர் கடைசியில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு, செடியை மொத்தமாகக் கவாத்து செய்வார்கள். பார்க்கிறவருக்கு மனசு பதறும். ஆனால் மல்லிகை புதுத்துளிரில்தான் மொட்டு வைக்கும். கோடையில் கடைக்கு வரும் பூ அந்த வெட்டிலிருந்து வந்ததுதான். ரங்கூன் மல்லிக்கும் இதே விதி. மாலையில் வெள்ளையாக விரிந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் செக்கச்சிவந்து தொங்கும் கொத்துகள் புதுக்கிளையில்தான் வரும்.

பதியம் போடுவதிலும் முக்கியமான கட்டம் வெட்டுதான். தரைக்கு எட்டும் இளங்கிளையை வளைத்து, கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணுக்குள் அழுத்தி, மேலே ஒரு கல்லை வைப்போம். நுனி வெளியே இருக்க வேண்டும். மண்ணின் ஈரம் காயக் கூடாது. வேர் பிடிக்கும்வரை தாய்க்கொடிதான் சோறு போடும். அவசரப்பட்டுப் பிரித்தால் வாடிவிடும். நுனியில் புதுத்துளிர் விட்டிருக்கிறதா, மெல்ல இழுத்தால் மண்ணைப் பிடித்து நிற்கிறதா என்று பார்த்து வெட்ட வேண்டும். வெட்டாமலே விட்டால்? சாகாது. வேர் இருந்தும் தாயின் ஒரு கிளையாகவே காலம் தள்ளும்.

வளர்ந்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் நடப்பது இதுதான். எந்தக் கல்லூரி, எந்த வேலை என்பதில் தொடங்கி, கல்யாணப் பந்தியில் என்ன பாயசம் என்பது வரை நாமே முடிவு செய்வோம். பிறகு, முப்பது வயதில் தனியாக ஒரு வாடகை வீடு பார்க்கத் தயங்கினால் ‘பொறுப்பே இல்லை’ என்று அலுத்துக்கொள்வோம். இல்லாதவருக்குக் கொடுக்க மனம் இருந்தால் போதும். வேர் பிடித்தவருக்குக் கொடுப்பதை நிறுத்தவோ மனத்தோடு பருவம் பார்க்கவும் தெரிய வேண்டும். அங்கேதான் தாமதிக்கிறோம், அந்தத் தாமதத்துக்குப் பாசம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

ஆகவே, கொடி பூத்து ஓய்ந்ததும் கூரான கத்தரியை எடுங்கள். வெட்டியதில் பென்சில் தடிமனுள்ள குச்சிகளைத் தொட்டி மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள், சில தளிர்க்கும். அவற்றைத் தெருவில் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தபின், தண்ணீர் ஊற்றினார்களா என்று தினமும் போய் எட்டிப் பார்க்காதீர்கள்.