அடுத்தவர் எழுத்து

ஓசூர் என்றால் கன்னடத்தில் 'ஹொச ஊரு'. புதிய ஊர். அதாவது நம்ம புதூர்! வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பஸ்ஸில் கன்னடம் என்று ஒரே நாளில் மூன்று மொழி பேசிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் அங்கே சர்வசாதாரணம். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் பேச்சு பெரிதாக மாறுவதில்லை. போர்டுகளில் எழுத்துதான் டக்கென்று மாறும். எல்லைக்கோடு காதுக்குத் தெரிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம்? சின்னக் கேள்விதான். ஆனால், போர்டில் இருந்த பக்கத்து மொழி மீது தார் பூசிய சரித்திரம் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. தார் பூசுகிறவர் கையில் இருப்பதும் பிரஷ்தான். போர்டு எழுதுகிறவர் கையில் இருப்பதும் பிரஷ்தான். அப்புறம் எங்கேதான் வித்தியாசம்?

கன்னடம் படிக்கத் தெரியாத ஒரு பெயின்ட்டர், கன்னடத்தில் ஒரு கடை போர்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் தூளில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார். எத்தனை எழுத்து, எவ்வளவு இடம் என்று கணக்குப் பார்ப்பார். பெரும்பாலான கன்னட எழுத்துகளின் தலையில் ஒரு சின்ன வளைவு உட்கார்ந்திருக்கும், தலைக்கட்டு என்பார்கள். அதை விட்டுவிட்டால் எழுத்து மொட்டையாகிவிடும். சந்தேகம் வந்தால், தெரிந்தவரைக் கூப்பிட்டு, "இது சரியா சார்?" என்று கேட்டே ஆக வேண்டும். ஒரு போர்டு முடிவதற்குள் அவர் அந்த எழுத்தைப் பார்த்த அளவுக்கு, அதைத் தினமும் படிக்கிறவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. டீக்கடைக்காரரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. விலை குறைவு, சாயங்காலமே கையில் கிடைக்கிறது. பெயின்ட்டரிடம் அன்றைக்குப் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிய நாம், இன்றைக்கு 'ஐயோ, கலை அழிகிறதே' என்று உருகுவதும் கொஞ்சம் ஓவர்தான். ஆனால், எழுத்தைக் கையால் எழுதிப் பழகுவதில் ஏதோ ஒன்று இருந்தது. அது நமக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கிய 'தி முஸல்மான்' என்ற உருது நாளிதழை, கம்ப்யூட்டர் காலத்திலும் காத்திப் எனப்படும் எழுத்தர்கள் கையால் எழுதியே அச்சுக்குக் கொடுத்தார்கள். பெரிய தப்பு வந்தால் பக்கத்தையே மறுபடி எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் முதலில் அடித்துவிட்டுப் பிறகு யோசிக்கிறோம். கையெழுத்தில் யோசித்த பிறகுதான் பேனாவையே வைக்க முடியும். கோபத்தில் தட்டிவிடும் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்-அப் எல்லாவற்றையும் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

நீங்களும் ஆரம்பிக்கலாம். செலவே இல்லை. இரண்டு பென்சில்களை ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுங்கள். முனைகளை 30-லிருந்து 45 டிகிரிக்குள் ஏதாவது ஒரு சாய்வில் வைத்து, சாய்வை மாற்றாமல் எழுதிப் பாருங்கள். ஒரே எழுத்தில் தடிப்பும் மெலிவும் தானாக வரும். ஐரோப்பாவின் இட்டாலிக் பாணியின் ரகசியமே இதுதான். அந்த நிப் சாய்வு; இதுவே காப்பர்பிளேட் என்றால், கூர்மையான நிப்பைக் கீழே இழுக்கும்போது அழுத்தி, மேலே ஏற்றும்போது விட்டுவிட வேண்டும். தமிழில் ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். பிறகு வ, ல. கடைசியில்தான் ண, ஞ. அவசரப்பட்டால் 'ஞ' உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

அழகாக எழுதினால் மனசும் அழகாகிவிடுமா? அப்படிச் சொன்னால் அது பொய். எதிர்க்கட்சிக்காரரைத் திட்டும் வாசகங்களையும் சுவரில் முத்து முத்தாக எழுதியிருக்கிறார்கள். எழுத்து மீதே பழி போட்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் நாஜிகள் கோதிக் வகை எழுத்தைத் தங்கள் இனத்தின் பெருமை என்று கொண்டாடிவிட்டு, 1941-ல் அதையே யூத எழுத்து என்று சொல்லித் தடை செய்தார்கள். எழுத்து அப்படியேதான் இருந்தது. பார்த்த கண்தான் மாறியது.

'நம்ம எழுத்து' என்று நாம் மார்தட்டுவதும் அப்படித்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பழைய நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. மாடு கவர வந்தவர்களை எதிர்த்துச் செத்த வீரனுக்கு நட்ட கல். அவனுடைய பெயரும் கதையும் பல கற்களில் வட்டெழுத்தில் இருக்கின்றன. எழுதியது தமிழ்தான். ஆனால் உங்களாலும் என்னாலும் ஒரு வரி படிக்க முடியாது. அவ்வளவு தூரம் போவானேன்? 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அச்சான புத்தகத்தை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். தும்பிக்கை வைத்த 'லை'யையும் 'னை'யையும் பார்த்து முழிப்பான். நம் தாத்தா எழுத்தே நமக்கு அடுத்தவர் எழுத்தாகிவிட்டது. அதன் மீது யாராவது தார் பூசினால் சும்மா இருப்போமா?

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வருகிறார்கள். ஒடியா எழுத்தின் தலை வட்டம் வட்டமாக, குடை பிடித்த மாதிரி இருக்கும். உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் பெயரை அவருடைய எழுத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதைப் பார்த்து, இரண்டு பென்சிலால் நிதானமாக எழுதி, அவரிடமே காட்டி, "சரியா இருக்கா?" என்று கேளுங்கள்.

தப்பாகத்தான் இருக்கும். அவர் திருத்தட்டும்.