காலமறிதலும் கல்லாற்று மீனும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து பொன்முடிக்குச் செல்வோர், மலையேறத் தொடங்குமுன் கல்லாறு என்னும் சிற்றூரைக் காண்பர். உருண்ட கற்களின்மீது தெளிந்த நீர் தவழ்ந்துவரும் அவ்வாறே பின்னர் வாமனபுரம் ஆற்றோடு கலந்து கடலை நோக்கிச் செல்கிறது. அதன் மேற்பகுதியில் உள்ள அருவிக்கு மீன்முட்டி என்று பெயர். நீரை எதிர்த்து ஏறிவரும் மீன், அதற்குமேல் செல்ல இயலாது முட்டி நிற்கும் இடம் என்பது அப்பெயர் உணர்த்தும் பொருள். மீன் ஏன் ஏறி வருகிறது? முட்டி நிற்கும் மீனை மனிதன் என்செய்தல் வேண்டும்? முதல் வினா இயற்கை நூலார்க்கு உரியது. இரண்டாவது அறநூலைக் கற்பார் அனைவர்க்கும் உரியது.

இம்மலைப்பகுதியில் மீன்பிடித்தல் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதாக நிகழ்வதில்லை. அகத்தியமலையின் அடியில் 1958-இல் நெய்யாற்று அணையும், கரமனை ஆற்றின்மீது 1983-இல் பேப்பாறை அணையும் எழுந்தன. கல்லாறு என்ற அதே பெயருடைய மற்றோர் ஓடை நெய்யாற்று நீர்த்தேக்கத்தில் வந்து சேர்கிறது. இவ்விரு நீர்த்தேக்கங்களும் வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் அமைந்தவை ஆதலின், அங்கு மீன்பிடித்தல் விதிகளுக்கு உட்பட்டது. குறிஞ்சி நிலத்தின் நடுவே கடல்போல் நீர் விரிந்தமையால், நெய்தல் நிலத்தார்க்குரிய வலை மலையடிவாரத்திற்கும் வந்து சேர்ந்தது.

மாசி, பங்குனித் திங்களில் நீர்த்தேக்கம் சுருங்கும். ஆற்றில் ஆங்காங்கே கயங்கள் மட்டும் எஞ்சும். மீன் ஒடுங்கி நிற்கும் அக்காலத்தில் சிறு வலையும் பெரும்பயன் தரும். ஐப்பசி மழையில் நீர்த்தேக்கம் நிறையும்போதோ மீன் நாற்புறமும் பரந்து விடும். தூண்டில்காரனுக்குப் பொறுமை ஒன்றே துணையாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நம் ஆராய்ச்சிக்குரிய காலம். வைகாசியின் பிற்பகுதியில், மலையாளத்தார் இடவப்பாதி என்று கூறும் தென்மேற்குப் பருவமழை இறங்கியவுடன், ஆறும் ஓடையும் கலங்கிப் பெருகும். வாளையும் விராலும் கெளிறும் கெண்டையும் சினை தாங்கிய வயிற்றோடு புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறும். நீர் புகுந்த வயல்களிலும் ஆழமற்ற ஓடைகளிலும் முட்டையிடும். பிறக்கும் குஞ்சுகளுக்கு அங்குதான் இரையும் மறைவிடமும் உண்டு.

தமிழ்நாட்டில் ஊத்தா என்பது மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடையின் பெயர். கேரளத்திலோ ஊத்த என்பது இவ்வாறு மீன் கூட்டமாக ஏறி வருதலின் பெயர். அந்நாளில் மீன்பிடிக்கத் திறமை வேண்டுவதில்லை. குறுகிய வாய்க்காலில் ஒரு கூட்டை வைத்தாலே போதும். கைக்கும் தடிக்கும் கூட மீன் அகப்படும். எளிதாகக் கிடைப்பது என்னும் அந்த ஒன்றே, எடுத்துக்கொள்ளும் உரிமையை நமக்குத் தந்துவிடுமா?

தரும் என்பார் இரு காரணம் கூறுவர். ஒரு பெருங்கெண்டை இலட்சக்கணக்கில் முட்டையிடும்போது, சிலவற்றைப் பிடிப்பதால் இனம் குன்றுமோ என்பது முதற்காரணம். முட்டை இத்துணை மிகுதியாக இருப்பதே, பிழைத்து வளர்வன மிகச் சில என்பதைக் காட்டும் சான்றன்றோ? விதைநெல் மூட்டையில் நெல்மணிகள் எண்ணற்றவை என்பதற்காக உழவன் அதை உலையில் இடுவதில்லை. இரண்டாவது காரணம் அத்துணை எளிதில் தள்ளத்தக்கதன்று. மழை மிகுந்த திங்களில் கூலிவேலை குறையும். ஏழையின் அடுப்பில் பூனை உறங்கும். அந்நாளில் வாயிலுக்கே வந்து சேரும் மீனை விடுக என்று வயிறு நிறைந்தவன் கூறுதல் முறையாகுமா? இவ்வினாவிற்கு விடை தேடாத அறவுரை வெற்றுரையே ஆகும்.

வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவ்வழி நிற்பார்க்கு இவ்வாராய்ச்சியே வேண்டுவதில்லை. ஆயின் மீனுண்டு வாழும் பெருந்தொகையினர்க்கும் ஓர் அறம் வேண்டுமன்றோ? அசோகன் முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் பொறித்த தூண் ஆணையில், ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லலும் விற்றலும் ஆகா என விலக்கினான். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடியிட்டும் நீரில் நஞ்சு கலந்தும் மீன்பிடித்தலைக் குற்றமாக்கியது. கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் வழியே, ஊத்தக் காலத்துச் சினைமீனைப் பிடித்தலும் தண்டனைக்குரியதாயிற்று. சட்டத்தினும் பழமையான வேலியும் உண்டு. கரமனை ஆற்றங்கரையில் அருவிக்கரைத் தேவி கோயில் துறையிலும், இதே மலைத்தொடரின் கீழ்ப்புறத்தில் தாமிரவருணி பாயும் பாபநாசத்திலும், அடியார்கள் மீனுக்கு இரையிடுவர். அங்கு வலைவீச ஒருவர்க்கும் மனம் வாராது. ஆற்றின் ஒரு பகுதியை விட்டுவைக்கக் கற்ற மக்கள், ஆண்டின் ஒரு பகுதியையும் விட்டுவைக்கக் கற்றல் அரிதோ?

எனினும் ஆற்றோரத்து ஏழையை மட்டும் கூண்டில் நிறுத்துதல் நேர்மையன்று. மீன்முட்டி அருவியை இயற்கை அமைத்தது. அங்கு முட்டும் மீனுக்குக் கீழே வேறு ஓடைகள் உண்டு. அணை என்பதோ மனிதன் எழுப்பிய மீன்முட்டி. அச்சுவரை ஏறிக் கடக்கும் மீன் இல்லை. அதன் பயனை நுகர்வோர் யாவர்? பேப்பாறையில் தேங்கி அருவிக்கரை வழியாக நகரத்துக் குழாய்களில் வரும் நீரைப் பருகி, மின்விசிறியின்கீழ் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் நாமே அல்லமோ? பரம்பரை வழியை ஒரேயடியாக அடைத்துவிட்ட நாம், ஒருநாள் வாய்க்காலை மறித்தவனைப் பழித்தல் எங்ஙனம் தகும்?

நீர்த்தேக்கங்களில் கட்லாவும் ரோகுவும் விடுகின்றோமே என்பர் சிலர். ஒடிசாவின் கட்டக்கில் 1957-இல் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்திப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் பண்ணையிற் பிறந்த குஞ்சை நீரில் விடுதல், ஆற்றின் மீனுக்கு அதன் ஆற்றை மீட்டுத் தருதல் ஆகாது. வாங்கிய கடனுக்கு ஈடாக வேறொருவர்க்குப் பொருள் கொடுத்ததை ஒக்கும் அது.

ஆகவே கடமை இருபாலார்க்கும் உரியது. ஊத்தக் காலத்தில் கூடு வையாதிருத்தல் மீன்பிடிப்போர் கடமை. விலக்கப்பட்ட அந்நாட்களில் அவர்தம் குடும்பத்திற்கு அரிசியும் வேலையும் கிடைக்கச் செய்தல், அணைநீரை நுகரும் சமுதாயத்தின் கடமை. கேரளக் கடலில் 1988 முதல் மழைக்கால விசைப்படகு இழுவலைத் தடை நடைமுறையில் உள்ளது. தடைநாட்களில் கடல் மீனவர்க்கு உதவி வழங்கும் வழக்கமும் வேரூன்றியுள்ளது. கடலுக்கு ஒத்த நீதி கல்லாற்றுக்கு ஒவ்வாதோ? இவற்றோடு, சினைமீன் மலிவாக விற்கும் நாளில் சந்தையில் அதனை வாங்காது திரும்புதல் நம் ஒவ்வொருவர்க்கும் எளிதில் இயலும் நோன்பு.

வள்ளுவர் வகுத்த காலமறிதல் என்னும் அதிகாரம் வினைமுடிக்க ஏற்ற காலத்தை நோக்கி இருக்கக் கூறுவது. பெறுதற்குரிய காலத்தை அறிந்தவனுக்கு விடுதற்குரிய காலத்தை அறிதலும் அவ்வறிவின் மறுபாதி எனல் பொருந்தும். ஆற்றல் இல்லாதவன் எடாதிருத்தலில் பெருமை ஒன்றுமில்லை. நீட்டிய கைக்குள் மீன் வந்து விழும் நாளில் கையை மடக்கிக்கொள்பவனே, அடுத்த ஆண்டின் ஆற்றையும் தன் மக்களின் உணவையும் காப்பவன் ஆவான்.