நாயகனும் கூலியாளும்

திரைப்படத்தில் ஒரு குற்றவாளியைக் கண்டு கண்ணீர் சிந்துகிறோம்; இன்னொரு குற்றவாளியைக் கண்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். முன்னவன் கூட்டத்தின் தலைவன். பின்னவன் பணப்பை திருடுகிறவன், அல்லது தலைவனுக்கு எடுபிடியாக நிற்பவன். நம் இரக்கத்தை இவ்வாறு பங்கிடுவது எந்த நீதியைச் சார்ந்தது?

மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனையிலிருந்து நோக்குவோர்க்கு இக்கேள்வி வெறும் கலை விசாரமன்று. புனித லூசியா ஆலயமும் பன்னூறு ஆண்டு கண்ட பெருக்கமரமும் அடையாளமாக விளங்கும் அம்மீனவக் கிராமத்தில், பெரும்பாலோர் மீனும் நண்டும் பிடித்து நேர்மையாக உழைத்து உண்பவர்கள். ஆயினும் கடற்கரையான் என்றாலே கடத்தற்காரன் என ஐயுறும் கண்கள் அவர்களையும் விட்டுவைப்பதில்லை.

எதிர்க்கரையான இராமநாதபுரம் சீமையில், பனைக்குளத்தில், 1926இல் பிறந்தவர் ஹாஜி மஸ்தான். பம்பாய்த் துறைமுகத்தில் சுமை சுமந்த அவர், கடத்தல் தொழிலால் பெருஞ் செல்வரானார். 1975இல் வெளிவந்த ‘தீவார்’ என்னும் இந்திப் படத்தின் நாயகனில் அவருடைய சாயலைக் கண்டவர் பலர். அப்படமே 1981இல் தமிழில் ‘தீ’ ஆயிற்று. 1987இல் வந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’, பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரை நினைவூட்டியது. அதன் இறுதியில், தாங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்க, விடை தெரியாது திகைக்கிறார் முதியவர். அரங்கமே அவருடன் சேர்ந்து திகைத்தது.

ஆனால் அக்கேள்வி தலைவனுக்கு மட்டுமே கிடைக்கும் பேறு என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா? நள்ளிரவில் அவனுடைய பொதிகளைச் சுமந்தவனிடம், படகைச் செலுத்தியவனிடம், யாரும் அதைக் கேட்பதில்லை. அவனுக்குப் படத்தில் பெயரே பெரும்பாலும் இராது.

சில்லறைத் திருடனுக்கு முகம் தந்த படங்களும் உண்டு. 1961இல் வந்த ‘திருடாதே’ அவனைத் திருத்தி நல்வழிப்படுத்தியது. திருட்டை ஒருவனது மனத்தில் படிந்த கறையாகக் கண்ட படம் அது. மனம் கழுவப்பட்டதும் உலகமும் தூய்மையாகி விடுகிறது. 2013இல் வந்த ‘சூது கவ்வும்’ வேலையற்ற இளைஞர்களை ஆட்கடத்துவோராக்கிச் சிரிக்க வைத்தது. அதிகாரம் உள்ளோரைத் தொடலாகாது என்பது அவர்களது தொழில் விதி. அந்த நகைச்சுவையில் உண்மை இருந்தது: எளியவன் எவரை அஞ்ச வேண்டும் என்பதை அறிந்திருக்கிறான். ஆயினும் சிரித்துக் கலைந்த நாம் அந்த விதி எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கவில்லை.

கரைக்குத் திரும்புவோம். 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இக்கடலில் எல்லை வகுத்தன. 2019 டிசம்பரில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைத் தடை செய்தது. உள்நாட்டு உழவரைக் காப்பதே அதன் நோக்கம் என்றனர். விலையோ பன்மடங்கு ஏறிற்று. கறிக்கும் சடங்குக்கும் உரிய மஞ்சள், 2020இல் மன்னார்க் கரையில் கடற்படை மூட்டை மூட்டையாகப் பிடிக்கும் கள்ளப் பொருளாயிற்று. அதே பொருள், அதே கடல். அரசாணை ஒன்று நேற்றைய வணிகத்தை இன்றைய குற்றமாக்கியது.

இழுவைப்படகுகள் வலையை அறுத்துச் சென்ற வாரத்தில், கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கையில், ஓரிரவுக் கூலி பேச ஒருவன் வருகிறான் என்று கொள்வோம். மீனவன் இசைகிறான், பிடிபடுகிறான். நீதவான் முன் நிற்பவன் அவனே. பணம் போட்டவன் அல்லன். திரைநாயகனுக்குக் கண்ணீர் சிந்திய நாம், செய்தித்தாளில் இவனைக் கண்டதும் சமூக விரோதி என்று பக்கத்தைப் புரட்டுகிறோம்.

அவ்வாறாயின் அனைத்தையும் மன்னித்து விடலாமா? ஆகாது. அதே படகில் போதைப்பொருளும் வரக்கூடும்; அது இன்னோர் ஏழைத் தாயின் பிள்ளையை அழிக்கும். திரைக்கதைகள் பெரும்பாலும் நாயகனுக்குத் தங்கத்தையும் வில்லனுக்கு நஞ்சையும் ஒதுக்கி இந்தச் சிக்கலினின்று தப்பித்துக்கொள்கின்றன. கூலியாளுக்கு அந்த வசதி இல்லை. பொதிக்குள் இருப்பதை அவனுக்குச் சொல்வாரும் இலர். அவனுக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் அப்பொறுப்பு, அவனுக்கு இருந்த வேறு வழிகளின் அளவினதே. எஞ்சியது முதலிட்டவனையும், கடல்தொழிலைக் காவாத ஆட்சியையும் சாரும்.

ஒருவன் நல்லவனா கெட்டவனா என்று அவனை மட்டும் தனியே நிறுத்திக் கேட்கும் வரை விடை கிடைக்காது. யாருக்காகச் சுமந்தான், இலாபம் எங்கே சென்றது, சுமக்க மறுத்திருந்தால் அன்றிரவு அவன் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா என்றும் கேட்க வேண்டும். இக்கேள்விகளைக் கேட்கும் கலைஞன் படகைச் செலுத்தியவனுக்கு ஒரு பெயரையேனும் கொடுப்பான்.