தூண்டில் முனையில் ஓர் உயிர்

ஏலகிரியில் வாழும் நமக்குக் கடல் தொலைவுதான். எனினும் தூண்டில் எல்லா நீர்நிலைகளுக்கும் பொதுவாயிற்றே. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், உடலில் வரிகள் ஓடும் பெருமீன் ஒன்றைப் பிடிக்க, உயிருள்ள விலாங்கை வாய்வழியே கொக்கியில் கோத்து அலையில் வீசுகின்றனர். அது நெளியாதிருக்க, முன்னதாகப் பனிக்கட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்வதும் உண்டு.

அவ்விலாங்கு சர்காசோக் கடலில் பிறந்து, ஆறுகளில் பல்லாண்டு வளர்ந்து, ஒரே முறை முட்டையிடக் கடலுக்கு மீண்டு மடியும் இயல்பினது. தூண்டிலில் கோக்கப்பட்டதற்கோ அந்தப் பயணமே இல்லை. 2014இல் அது அழியும் அபாயத்திலுள்ள இனமாக உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

“பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோமே” என்பர் சிலர். மீன் பிழைக்கலாம், விலாங்கை மீட்பவர் யார்? மண்புழு ஈரறிவுயிர், விலாங்கோ மீனைப் போன்றே ஐயறிவுயிர். உழவிலும் அடுப்பிலும் நேரும் இம்சையை இல்லறத்தார்க்குத் தவிர்க்கவொண்ணாதது என நம் அறநூல்கள் ஏற்கின்றன. எண்ணித் துணியும் சங்கற்ப இம்சையை ஏற்பதில்லை. பசிக்கு வலை வீசுவோரைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. பொழுதுபோக்கைப் பற்றியே பேசுகிறேன்.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகை. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குத் தூண்டில் வாங்கித் தருவது செய்வித்தல். கரையில் நின்று கைதட்டுவது உடன்படல்.