பெற்றோர் திறக்கும் கணக்கு

2020 அக்டோபரில் ஐ.பி.எல். ஆட்டமொன்றில் சென்னை அணி கொல்கத்தாவிடம் தோற்றது. அந்த ஆத்திரத்தில் சென்னை அணியின் அப்போதைய தலைவர் தோனியின் ஐந்து வயது மகளைக் குறிவைத்து இன்ஸ்டாகிராமில் பாலியல் மிரட்டல் விடுக்கப்பட்டது. குஜராத்தின் முந்த்ராவில் பிடிபட்டவனுக்கு வயது 16. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அந்தச் சிறுமியின் பெயரில் பெற்றோரே நடத்தும் கணக்கு ஒன்று உண்டு. லட்சக்கணக்கானோர் அதைப் பின்தொடர்கிறார்கள். (இந்தக் கட்டுரையில் எந்தக் குழந்தையின் பெயரும் வராது.)

மிரட்டியவன் குற்றவாளி, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பேச்சை அதோடு முடித்துவிட முடியாது. வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயதில் ஒரு பிள்ளையை ஊர் உலகத்தின் கண்முன் நிறுத்தும் உரிமை பெற்றவர்களுக்கும் கிடையாது.

பிரபலங்களின் வீட்டில் இது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பிறந்ததும் பிஞ்சுப் பாதத்தின் படம், முதல் பிறந்தநாளில் முகம், பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய நடனம், பிறகு அப்பாவோடு ஒரு விளம்பரம். பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் முன்பே அதற்கு ரசிகர் மன்றம் முளைத்துவிடுகிறது.

தந்தை மகனை அவையில் முந்தியிருக்கச் செய்ய வேண்டும் என்று வள்ளுவரே மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். பரிமேலழகர் அதைக் கற்றோர் அவை என்றும், முந்தியிருப்பது கல்வியால் என்றும் விளக்குகிறார். அதே அதிகாரத்தில் தாய் மகிழ்வதும் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டுத்தான்; தானே பறைசாற்றி அல்ல. புறநானூற்றில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவரின் கடமையையும் வகுத்துவிட்டு, களம் புகுந்து வென்று மீள்வதை மகனிடமே விட்டுவிடுகிறார். குழந்தையை ஊரறியப் பாடிக் கொண்டாடும் பிள்ளைத்தமிழும் காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. தெய்வங்களை அழைத்துக் காவல் வைத்த பிறகே செங்கீரை, தால், சப்பாணி முதலிய பருவங்கள் எல்லாம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துப் பிள்ளையை வெளியே தூக்கிச் சென்ற பாட்டிகளும் அந்த வரிசையை அறிந்தவர்களே.

மறுதரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நாமே ஒரு படம் போட்டுவிட்டால் கேமராக்காரர்கள் துரத்த மாட்டார்கள் என்கிறார்கள் சில நட்சத்திரங்கள். இருக்கலாம். ஆனால் ரன்பீர் கபூரும் ஆலியா பட்டும் 2023 கிறிஸ்துமஸ் அன்று மகளின் முகத்தைக் காட்டினார்கள். 2025-இல் முகம் தெரியும் படங்களை ஆலியா தம் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டார். அவர் நீக்கலாம். அதற்குள் பிரதி எடுத்தவர்களின் கைப்பேசியிலிருந்து யார் நீக்குவது?

முகமே காட்டாத பிள்ளையையும் இந்த உலகம் விடுவதில்லை. விராட் கோலியின் மகளுக்கு ஒரு வயதுகூட நிறையாத 2021-இல் அதே வகை மிரட்டல் வந்தது. மிரட்டலோடும் இது நிற்பதில்லை: பச்சன் குடும்பத்துப் பேத்தியின் உடல்நிலை பற்றிப் பொய்க் காணொளிகள் பரவியபோது, 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை நீக்கச் சொன்னது. பிரபலத்தின் பிள்ளையானாலும் சாமானியரின் பிள்ளையானாலும் கண்ணியத்தோடு நடத்தப்பட உரிமை உண்டு என்றது. அந்தக் கண்ணியத்தைக் காக்கும் முதல் பொறுப்பு வீட்டுக்குள்தான் இருக்கிறது.

ஹாலிவுட் நடிகை க்வினெத் பால்ட்ரோ 2019-இல் பனிச்சறுக்குக்குப் போன இடத்தில் மகளோடு எடுத்த படத்தைப் பதிவிட்டார். தன் சம்மதம் இல்லாமல் எதையும் போடக் கூடாது என்று முன்பே பேசியிருக்கிறோமே என்று அந்தப் பதினான்கு வயது மகள் படத்தின் கீழேயே எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது. தொட்டிலில் கிடப்பதற்குத் தெரியாது.

நம் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. கணக்கைத் திறப்பதே பெற்றோர் என்றால் அந்தச் சம்மதம் யாரிடமிருந்து யாருக்குக் காவல்? பிரான்ஸ் 2024-இல் சட்டம் இயற்றி, பிள்ளையின் படத்தைப் பொறுத்தவரை அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் கருத்தையும் கேட்கச் சொல்லிவிட்டது. பெற்றோருக்குள் உடன்பாடு இல்லையென்றால், ஒருவர் மற்றவரின் சம்மதமின்றிப் படம் பகிர்வதை நீதிபதி தடுக்கலாம். அப்படியொரு பிரிவு இங்கும் வர வேண்டும். வரும்வரை, பிள்ளைகளின் பெயரில் திறந்த கணக்குகளைப் பெற்றோர் மூடி வைக்கட்டும். ரசிகர்களும் அவற்றைப் பின்தொடர்வதை இன்றே நிறுத்தட்டும்.