விடுமுறையும் வரையறையும்

திருப்பூரில் ஏப்ரல் இறுதியில் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. பனியன் கம்பெனிகள் மூடப்படுவதில்லை. காலை எட்டரை மணிக்குத் தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாய், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரை மணிக்கே எழுகின்றாள். தந்தை கட்டிங்கிலோ, நிட்டிங்கிலோ, சாயப்பட்டறையிலோ இருக்கின்றார். இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரமும் லைன் வீட்டின் ஒற்றை அறையில் பத்து வயதுச் சிறுவனும் அவன் தங்கையும் இருக்கின்றனர். அவர்களோடு ஒரு கைப்பேசியும் இருக்கின்றது. ஏற்றுமதி நிறுவனம் நடத்துவோரின் மாடி வீட்டிலும் நிலைமை வேறன்று. சரக்கு அனுப்பும் நெருக்கடியில் அங்கும் பெற்றோர் இருவரும் வீட்டில் இல்லை. அறை பெரியது, கைப்பேசி விலை கூடியது, அவ்வளவே வேறுபாடு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி மேற்கே வந்த நம் குடும்பங்கள் சில, பிள்ளைகளை மே மாதத்தில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. இப்போது பாட்டியிடமும் கைப்பேசி உண்டு.

இவ்விடத்து நாம் எழுப்ப வேண்டிய வினா, கைப்பேசி நல்லதா தீயதா என்பதன்று. அஃது உயிரற்ற பொருள். அதற்கு வினையும் இல்லை, வினைப்பயனும் இல்லை. அதனைப் பிள்ளையின் கையில் வைத்தவர் யார், எதன்பொருட்டு வைத்தார் என்பதே வினா. செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் முன்னோர் வினையாகவே எண்ணினர். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், பயனின்றித் தேடிக்கொள்ளும் தீங்கினை அநர்த்த தண்டம் எனக் கூறி ஐந்தாக வகுக்கின்றன. தீங்கு செய்யும் கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல் அவற்றுள் ஒன்று. மனத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்டல் மற்றொன்று. கருத்தின்றிப் பொழுது போக்கித் திரிதல் இன்னொன்று. அரிவாளை அயலார்க்கு இரவல் தரவும் இருமுறை எண்ணும் இல்லத்தார், இம்மூன்றுக்கும் ஒருங்கே வழி திறக்கும் கருவியை, "அழாமல் இருந்தால் போதும்" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கொடுத்துச் செல்கின்றோம்.

இதனை அந்தத் தாயின் மேல் குற்றமாகச் சுமத்துவது நம் நோக்கமன்று. இவ்வூரின் பழைய வரலாற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு காலத்தில் கோடை விடுமுறை என்றால் பிசிர் வெட்டவும் துணி மடிக்கவும் கம்பெனிக்குச் சென்ற பிள்ளைகள் பலர். 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதைச் சில விலக்குகள் நீங்கலாகத் தடை செய்த 2016 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனை மாற்றின. மிக நல்ல மாற்றம். ஆயினும் கம்பெனி வாயிலில் தடுத்து நிறுத்திய பிள்ளை வேறு எங்கே செல்லும் என்பதை ஊர் எண்ணவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்திற்கென்று கடன் வாங்கியேனும் கைப்பேசி வாங்கினோம். பள்ளிகள் திறந்தன, பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது, கைப்பேசி வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதனுள் நிகழ்வது என்ன என்பதைப் பெற்றோர் பலர் அறியார். ஒரு படம் முடிந்தவுடன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகின்றது. நிறுத்தும் வேலை பார்ப்பவனுடையது. விளையாட்டில் முன்னேறுவதற்கு வைரம், நாணயம் என்று விலைக்கு வாங்கச் சொல்கின்றது. தந்தையின் ரகசிய எண்ணை அறிந்த சிறுவன் அவர் சம்பளத்திலிருந்து அதனை வாங்கிவிடுகின்றான். அதே விளையாட்டிலுள்ள உரையாடல் பகுதியில் முன்பின் அறியாத ஒருவன் "தம்பி" என்று பேசத் தொடங்கி, சில வைரங்களைப் பரிசாக அளித்து, பெயர், பள்ளி, தெரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பின்னர்ப் புகைப்படம் கேட்கின்றான். படம் கைக்கு வந்தபின் குரல் மாறுகின்றது. "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதே அவன் மிரட்டல். அவனுடைய பலம் முழுவதும் நம் வீட்டுப் பிள்ளைக்கு நம்மிடம் உள்ள அச்சமே என்பதை உணர்ந்தால், அடித்து வளர்ப்பது பாதுகாப்பு என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கும். பிள்ளை வந்து உண்மையைச் சொல்லும்போது முதற்சொல் வசையாக இருத்தல் கூடாது. பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணையும், பிள்ளைக்குத் தொல்லை நேர்ந்திருந்தால் 1098 என்னும் எண்ணையும் உடனே அழைக்கலாம். படங்களையும் செய்திகளையும் பதறி அழித்துவிட வேண்டா, அவையே சான்று.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2023 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை எனக் கொண்டு பெற்றோர் ஒப்புதலை வேண்டுகின்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே விலக்கிவிட்டது. இவை வேண்டியவையே. ஆனால் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிவு செய்ய எட்டு வயதுச் சிறுமிக்கும் தெரிகின்றது.

அவ்வாறாயின் பறித்துப் பெட்டியில் பூட்டிவிடலாமா? அல்லது பிள்ளை உறங்கியபின் எடுத்து ஒவ்வொரு செய்தியையும் படிக்கலாமா? ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்குப் பூட்டு வேண்டும். நெருப்பின் அருகே செல்லாமல் தடுப்பது போன்றதே அது. கூகுள் ஃபேமிலி லிங்க் போன்ற கட்டுப்பாடுகளை அமைப்பதற்குக் கால் மணி நேரமே ஆகும். பன்னிரண்டு வயது கடந்த பிள்ளைக்கு அது மட்டும் போதாது. மறைந்திருந்து படிப்பது காவலன்று, வேவு. பார்க்க வேண்டுமாயின் "நான் பார்ப்பேன்" என்று முன்னரே சொல்லிப் பார்த்தல் முறை. பிள்ளையின் உயிருக்கோ மானத்திற்கோ இடர் என்று ஐயம் தோன்றினால் மட்டும் இம்முறையை விடலாம் என்பது நம் கருத்து.

நம் சிராவக விரதங்களுள் தேசாவகாசிகம் என்று ஒன்று உண்டு. இவ்விடத்தைக் கடவேன், இத்தனை காலத்திற்கு என்று எல்லை வகுத்துக்கொள்ளல் அது. இடத்திற்கு வீடு, ஊர், வயல், ஆறு ஆகியவையும், காலத்திற்குப் பக்கம், மாதம், ஆண்டு ஆகியவையும் எல்லையாகச் சொல்லப்பட்டுள்ளன. இதன் சிறப்பு இரண்டு. எல்லையை வகுப்பவன் தானே. பிறர் வகுத்தால் அது சிறை, விரதமன்று. மேலும் அது வாழ்நாள் முழுமைக்கும் உரியதன்று, சிறிய காலத்திற்குரியது, ஆதலால் சிறுவனும் தாங்குவான். இம்மே மாதத்திற்கு மட்டும், உண்ணும் இடத்திலும் உறங்கும் அறையிலும் கைப்பேசி இல்லை. மாலை விளக்கேற்றியபின் ஒரு மணி நேரமே உண்டு. அறியாதவரிடம் பேச்சில்லை என்று வீட்டார் அனைவரும் அமர்ந்து பேசி எழுதலாம். எழுதுபவர் பிள்ளையாக இருக்கட்டும். அனைவரும் என்றபோது தந்தையும் அதனுள் அடங்குவார். சோற்றைப் பிசைந்துகொண்டே ரீல்ஸ் பார்க்கும் தந்தை விதிக்கும் எல்லையை எந்தப் பிள்ளை மதிக்கும்?

ஒன்றை எடுத்தால் மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும். வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரமும், தாழ்ந்தபின் ஒரு மணி நேரமும் பிள்ளைகள் ஓடியாடட்டும். ஊத்துக்குளி சாலைப் பக்கமுள்ள நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அழைத்துச் சென்றால், கண்ட பறவைகளை எழுதும் பழக்கம் தானே வரும். திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் உள்ளது. கொங்குவேளிர் ஊர் என்று சொல்லப்படும் அவ்விடத்தைத் திருப்பூரில் பிறந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பார்த்துள்ளனர்?

ஞாயிறன்று இவை இயலும். மற்ற ஆறு நாட்களுக்கு என்ன செய்வது? இங்கே தொழில் நடத்தும் நம்மவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். பெண் தொழிலாளர் முப்பதின்மருக்கு மேலிருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது, வயதெல்லை ஆறு. அதன் இடத்தில் வந்த 2020 ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் ஆறு வயதோடு நின்றுவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. நிறுவனத்தின் ஓர் அறையையோ, தெருவிலுள்ள ஒரு கூடத்தையோ நாற்பது நாட்களுக்குத் திறந்து வைத்து, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரையும் பெரியவள் ஒருத்தியையும் அமர்த்தினால், கேரமும் சதுரங்கமும் நூறு கதைப் புத்தகங்களும் வாங்கி வைத்தால், மதியம் மோர்ச்சோறு கொடுத்தால், ஆகும் செலவு ஒரு சரக்கு திரும்பி வந்தால் ஆகும் நட்டத்தை விடக் குறைவே. தொழில் இல்லாதவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். தெருவில் ஆறு குடும்பங்கள் இருந்தால், வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொள்வது பாரமாகாது. எவரேனும் இவ்வாண்டு இதனைத் தொடங்கினால், எத்தனை பிள்ளைகள் வந்தனர், எந்த நாளில் சலித்துப் போயினர், எது பிடித்தது என்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த விடுமுறைக்கு முன் மற்றவர்க்கும் அது பயன்படும்.