செம்மரக் குற்றத்தின் பங்கு

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே; அதிலும் பெரும்பங்கு ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர்க் காடுகளில். முதலைத் தோல்போல் வெடித்த பட்டை, உள்ளே வெள்ளை மரம், அதற்கும் உள்ளே கருஞ்சிவப்பு வைரம். நீரில் மூழ்குமளவுக்குக் கனமான அந்த வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் அது விலையுயர்ந்த மேசை நாற்காலியாகிறது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவிக்குத் தண்டாகிறது. அலையலையாக ரேகை ஓடிய கட்டைக்கே மதிப்பு அதிகம். அதன் பன்னாட்டு வணிகத்தைச் சைட்டீஸ் உடன்படிக்கை 1995இல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுக்கும் ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழக மாவட்டங்களின் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் தாக்கியதால் சுட நேர்ந்தது என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. மரம் எவ்வளவு அரியதாயினும், அதைக் காக்கும் கடமை மனிதரைக் கொல்லும் உரிமையாகிவிடாது.

அதற்காக வெட்டியவர் மீது பிழையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெட்டத் தடை உண்டு என்று தெரிந்தே பலர் மலையேறுகிறார்கள். முதிர்ந்த மரங்களையே தேடி வெட்டுவதால் காட்டில் விதை தரும் மரங்கள் குறைகின்றன. வறுமை அந்த இழப்பை ஈடுசெய்யாது. ஆனால் பிழையின் பங்கை அளக்கும்போது, வேறு வழி யாருக்கு இருந்தது என்று கேட்டே ஆகவேண்டும். மரம் வெட்டப் போகும் தமிழகத்து ஜவ்வாது மலைவாசிக்கு வேலை அரிது. சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்பவருக்கோ பத்துத் தொழில் உண்டு.

அந்த ஏற்றுமதியாளரைப் பிடிக்கக்கூடிய இடங்களில் ஒன்று மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. மும்பையின் செம்பூரிலிருந்து வாஷி பாலம் தாண்டிச் சென்றால் எட்டும் நவசேவா துறைமுகத்தில், வேறு சரக்கின் பெயரில் வந்த கன்டெய்னர்களிலிருந்து வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் செம்மரக் கட்டைகளைப் பலமுறை கைப்பற்றியுள்ளனர். பொய்ச் சரக்குப் பட்டியல் தயாரித்தவர் பசியால் அதைச் செய்யவில்லை. தண்டனையின் முழுக் கனமும் அவர்மேல், அவருக்குப் பணம் போட்டவர்மேல் விழவேண்டும்.

காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில் செம்மரம் வளர்க்கும் உழவர்கள் தமிழகத்திலும் உள்ளனர். 2004 முதல் சைட்டீஸின் சிறப்பு ஆய்வில் இருந்த இந்தியச் செம்மரம் 2023இல் அதிலிருந்து விடுபட்டது. அதனால் அந்த உழவர்களுக்கு ஏற்றுமதி வாய்ப்பு விரிந்திருக்கிறது. நேர்மையான மரம் சந்தைக்கு வந்தால் திருட்டு மரத்தின் விலை இறங்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆயினும் காட்டில் வெட்டிய கட்டையைத் தோட்டத்து மரம் என்று காட்ட ஒரு பொய்ச் சான்றிதழ் போதும். ஆகவே நட்ட நாளிலிருந்தே தோட்டத்து மரங்களைப் பதிவேட்டில் ஏற்றி, வெட்டும்போதும் கப்பலேற்றும்போதும் அந்தப் பதிவோடு ஒப்பிட்டாக வேண்டும்.